சாரை விழுங்கிய பீங்கான் முட்டை

பாம்பைக் கண்டால் எனக்குப் பயம் கிடையாது, குமட்டும். இந்த வித்தியாசம் என் வீட்டுக்காரருக்கு அன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் கோழிக் கொட்டகையை ஒட்டித் தீவன அறை. எலிக்காக அங்கே ஒரு சாரையைக் குடியிருக்க விட்டிருந்தார். தவிட்டு மூட்டையை நகர்த்தினால் பாம்பு உரித்த சட்டை ஈரம் காயாமல் கையில் ஒட்டும். எச்சம் வேறு, எலிமயிரோடு. அள்ளிக் கொட்டுவது நான். நான் ஓங்கரிக்கும்போதெல்லாம் அவர் கதவுக்கு வெளியே நின்று பாடம் நடத்துவார்.

"நல்லாப் பாரு. கண்ணு பெருசு, உதட்டுல கறுப்புக் கோடு. சாரைதான், விஷம் கிடையாது. படம் எடுத்தா நாகம். முதுகுல சங்கிலி மாதிரி இருந்தா விரியன். இதுகூடத் தெரியாம மூக்கைப் பொத்துறியே!"

"எந்தப் பாம்பா இருந்தா என்னங்க, நாறுதுல்ல?"

"அதுவும் நம்ம வீட்டு ஆளு மாதிரிதான். உனக்குத்தான் மனசே இல்ல."

வருகிறவர் போகிறவரிடமும் இதையே சொல்வார். கேட்டுக் கேட்டு, எனக்கு ஈவிரக்கம் இல்லையோ என்று நானே நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

புதிதாக வாங்கிய கோழிகள் கண்ட இடத்தில் முட்டையிட்டன. கூட்டுக்குப் பழக்க, பீங்கான் முட்டை ஒன்றை அதில் வைத்தேன். ஒருநாள் அதைக் காணோம். சாரையின் நடுவயிற்றில் புடைப்பு. நாளாகியும் அது கரையவில்லை. பாம்பு இரை எடுக்காமல் மூட்டையடியில் துவண்டு கிடக்க, எலிகளுக்குக் கொண்டாட்டம். ஒருநாள் காலையில் குஞ்சுப் பெட்டியைத் திறந்தேன். சில குஞ்சுகளுக்குக் கால்களே இல்லை, ஆனால் உயிர் இருந்தது. அந்தக் கண்றாவியைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

"என்னங்க, அந்த முட்டையை வெளிய எடுத்தாகணும். இல்லன்னா பாம்பும் போயிடும், மிச்சக் குஞ்சும் போயிடும். நீங்க தலையைப் பிடிங்க, நான் தள்ளுறேன்."

"நானா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "அதெல்லாம் இயற்கை போக்குல விட்டுடணும்."

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தீவன அறை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை.

சாக்கைப் போட்டுத் தலையை அமுக்கினேன். மறு கையால் புடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்ப் பக்கம் தள்ளினேன். தோலுக்கடியில் முட்டை வழுக்கி வழுக்கி நகர்ந்தது. வால்பக்கத்திலிருந்து ஏதோ பீச்சி என் மடியெல்லாம் நனைந்தது. அழுகின மீனும் பூண்டும் கலந்த வீச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். கடைசியில் வாய் பிளந்து, கோழையோடு முட்டை தரையில் விழுந்தது. சாரை சற்று நேரம் அசையவில்லை. பிறகு மெல்ல மூட்டைக்கு அடியில் நுழைந்தது.

"பாத்தியா, நம்ம ஆளு பொழச்சுக்கிட்டான்!" வெளியிலிருந்து கைதட்டினார்.

முட்டையைத் துடைக்காமல் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பிடிங்க. உங்க வீட்டு ஆளு கக்கினது."

அதை உதறிவிட்டுச் சுவரோரம் ஓடி வாந்தி எடுத்தார். பக்கத்தில் போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"கை கழுவிட்டியா?" என்றார், நிமிராமலே.

"இல்லங்க" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் தடவினேன்.