மிஸ் ஐவரீன் கொண்டுபோன சட்டி மூடிகள்

மிஸ் ஐவரீன் பின்னாக்குக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரே ஒரு குறைதான். மகள் ஜோடியன் நூறு மீட்டர் தடை ஓட்டத்தில் நாடு நாடாகப் போய் ஓடிவிட்டாள். பெற்றவள் ஒரு ஓட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. பள்ளிப் போட்டியெல்லாம் சனிக்கிழமை வரும். சனிக்கிழமை சந்தையில் வள்ளிக்கிழங்கு விற்காமல் யார் சோறு போடுவது? பார்படாஸில் வெள்ளி வாங்கினாள் என்று ரேடியோ சொல்லித்தான் தெரியும். கொலம்பியா ஓட்டத்தைச் சர்ச் தோழி பேன்சியின் போனில் பார்த்தாள். ஜோடியன் ஏழாவது தடுப்புக்கு மேல் பறக்கும்போது படம் நின்றுவிட்டது. கால் மணி நேரம் இருவரும் அந்தரத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து ஜெபம் செய்தார்கள். படம் நகர்ந்தபோது அவள் தரையில் கிடந்தாள்.

அதனால் கிங்ஸ்டனில் தேசியத் தேர்வுப் போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றதும், சர்ச்சில் டீக்கனஸ் ஊழியம் செய்யும் ஐவரீன் போதகரிடம் அனுமதிகூடக் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னாள். முதல் மூன்று இடம் வந்தால் உலகப் போட்டிக்குப் போகலாம். நாலாவது வந்தால் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். வேறு நாட்டில் பிறந்திருந்தால் கொடி பிடித்துப் போகக்கூடிய பெண்கள் இங்கே நாலாவது வந்து மூக்கைச் சிந்துவார்கள். ஜமைக்காவின் லட்சணம் அப்படி.

ஜமைக்காவில் ஜெயித்தால் சட்டி மூடிகளைத் தட்டிக் கொண்டாடாமல் எப்படி? ஆனால் மைதானத்தில் மூடிகளுக்குத் தடை. ஐவரீன் இரண்டு கனத்த மூடிகளைப் பொரித்த கோழிக்கு அடியில் வைத்து, வாசலில் காவலரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

ஓட்டக்காரிகள் குனிந்தார்கள். இருபதாயிரம் பேர் ஒரேயடியாக வாயை மூடினார்கள். இந்த அமைதி ஐவரீனுக்குப் புதுசு. யாராவது செத்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தாள். கோழி எண்ணெய் பட்ட மூடி கையிலிருந்து வழுக்கி, சிமெண்டுப் படியில் விழுந்தது. டங்.

ஏழு பெண்கள் அசையவில்லை. ஜோடியன் பாய்ந்து, முதல் தடுப்பையும் தாண்டிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். அவள் படித்த ஃப்ராங்க்ஃபீல்ட் பள்ளியில் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. கோச் ஆறு வருஷமாக இரண்டு சட்டி மூடிகளை மோதித்தான் ஓட விட்டார். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமல் கால் கிளம்பிவிடும்.

அதிகாரி கறுப்பும் சிவப்புமான அட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு தடவை முந்தினாலே வெளியேற்றம். ஜோடியன் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சத்தம் போடாம உக்காரு," என்றாள் கூடவே வந்திருந்த பேன்சி. "யாரும் பாக்கல."

"மேல இருக்கறவர் பாத்தாரே."

"அவரு இந்த ஆபீஸர்கிட்ட வந்து சொல்லமாட்டாரு. உன்னை வெளிய தள்ளிடுவாங்க, ஐவி. இத்தனை வருஷம் காத்திருந்தது இதுக்குத்தானா?"

ஐவரீன் மூடியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நடுவர் ஸ்வேபி நின்றிருந்தார். வைக்கோல் தொப்பி, இஸ்திரி போட்ட முகம்.

"சார், தப்பு என் பொண்ணு மேல இல்ல. நான்தான் மூடியக் கீழ போட்டேன்."

"எல்லா அம்மாவும் ஏதாவது ஒண்ணு கொண்டு வருவாங்க. போய் உக்காருங்கம்மா."

"அவ இந்தச் சத்தத்துக்கே பழகினவ சார்."

"நாய்க்குட்டியா அவ, பழக்கறதுக்கு?"

ஐவரீனுக்குக் கோபம் தலைக்கேறியது. மூடியைக் கம்பியில் ஓங்கி அடித்தாள். தூரத்தில் முதுகைக் காட்டி, மேல்சட்டையை மாட்ட ஒரு கையை மட்டும் நுழைத்தபடி அழுதுகொண்டிருந்த ஜோடியன் விருட்டென்று நாலடி பாய்ந்து, தண்ணீர் பாட்டில் வைத்திருந்த மேஜையில் மோதி நின்றாள். மைதானமே சிரித்தது. ஸ்வேபிக்கும் உதடு ஒரு பக்கம் கோணியது, உடனே நேராக்கிக்கொண்டார்.

"வெளிச் சத்தத்தால வந்த கோளாறு. அவ ஓடலாம்," என்றார். ஐவரீன் பெருமூச்சு விடுமுன் அடுத்ததையும் சொன்னார். "நீங்க வெளிய போகணும். மூடிக்குத் தடைன்னு வாசல்லயே எழுதியிருக்கு."

"இந்த ஒரு ஓட்டம் மட்டும் பாத்துட்டுப் போயிடறேன் சார்."

"அவளுக்குச் சட்டம் பாத்தேன். உங்களுக்கும் பாக்கணும்ல?"

ஐவரீன் மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் அதே காவலர், கெல்லிமன். "கோழிக்கு அடியிலயா?" என்றார். "முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. எனக்கே அல்வாவா?" ஐவரீன் மதிலோரம் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். மதில் ஆளை விட இரண்டு மடங்கு உயரம்.

உள்ளே அமைதி. துப்பாக்கி வெடித்தது. பிறகு ஒரே கூச்சல். அதில் எது சந்தோஷம், எது ஐயோ என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. மதிலில் கையை ஊன்றிக்கொண்டாள். பதின்மூன்று விநாடியில் முடிந்துவிடும் விஷயத்துக்குப் ஒரு யுகம் ஆனதுபோல் இருந்தது.

கெல்லிமன் அவளைப் பார்த்தார். வாசலை விட்டு நகரக்கூடாது என்பது அவருக்கும் சட்டம்தான். உள்ளே ஓடினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"எந்த லேன்?"

"ஆறு."

"மூணாவது. நூலிழையில. கடைசித் தடுப்புல இடிச்சு, தடுமாறி, மூக்கை நீட்டித்தான் புடிச்சா."

ஐவரீன் நடைபாதையிலேயே உட்கார்ந்து, அழுது, சிரித்து, மறுபடி அழுதாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஜோடியன் வெளியே ஓடி வந்தாள். முழங்காலில் ரத்தம், முகமெல்லாம் பல்.

"எங்கம்மா போயிட்ட? படியெல்லாம் தேடினேன். பாத்தியா? நான் ஓடறத நேர்ல பாத்துட்டியா?"

ஞாயிறு பள்ளியில் பொய் சொன்ன பிள்ளைகளை இருபது வருஷமாக மூலையில் நிற்க வைத்தவள் ஐவரீன். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"பாக்காம? பத்து தடுப்பும் பாத்தேன். கடைசில இடிச்சப்போ எனக்கு உசிரே போயிடுச்சு."

"யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"பெத்தவ கவனிக்கமாட்டாளா?" என்று சொல்லிவிட்டு, மகளின் தலைக்கு மேலாகக் கெல்லிமனை ஒரு முறை முறைத்தாள். அவர் அவசரமாகத் திரும்பி, யாருமே வராத வாசலில் யாரையோ சோதனை போட ஆரம்பித்தார்.