அஸ்மியின் ஆறாவது நோன்பு

பெருநாள் கிண்ணக் கால்பந்து இறுதிப் போட்டியில் உச்சமுனை அணியை ஒரு கோலால் வென்றோம். இப்போது யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அன்று ஆடிய ஆட்டமுறை நான் பழக்கியது. பையன்களுக்கு நான் பயிற்சியாளன், 'நானா' என்று கூப்பிடுகிற அண்ணனும். மூன்று பேர் முன்னால் நிற்பார்கள். பந்து எதிரணிக் கோல்காப்பாளரிடம் இருக்கும்போதே பாய்ந்துபோய் நெருக்க வேண்டும். பின்னாலேயே நடுவரிசை நகரும், பின்வரிசையும் நடுக்கோடு வரை வந்துவிடும். முன்னால் ஒருவன் சோர்ந்து நின்றால் எல்லாம் போச்சு. அந்த இடைவெளியால் அவர்கள் ஒரு பாஸ் கொடுத்தால் எங்கள் பக்கம் வெட்டவெளி. "ஒருத்தன் நிண்டா மத்தவனுகள் ஓடினதும் வீண்" என்று தினமும் திட்டுவேன். கோட்டுக்கு வெளியே நின்று நான் "ஏறு!" என்று கத்தினால் பாய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பாய்பவன் அஸ்மி. இருபத்திரண்டு வயது. காலையில் உப்பளத்தில் வேலை, மாலையில் மைதானம். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அந்த மாதத்துக்குள் பிடிக்கும் ஆறு நோன்பைப் போட்டி நாளில் மட்டும் யாரும் பிடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவனும்தான்.

இடைவேளை வரை கோல் இல்லை. பையன்கள் தேசிக்காய்த் தண்ணீருக்கு அடிபட்டார்கள். அஸ்மி ஒரு போத்தல் வெறும் தண்ணீரை எடுத்தான். வாய் கொப்பளித்தான், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துப்பினான், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான். சிறுவயதிலிருந்து நோன்பு பிடிக்கிற எனக்கு அது விளங்காதா? விளங்கியது. அவனை வெளியே எடுத்தால் பதிலுக்கு நஸீர்தான். அவன் பத்து நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நெருக்குவதை விட்டுவிட்டு எல்லோரையும் பின்னுக்கு இழுத்தும் ஆடியிருக்கலாம். அதுவும் எனக்குத் தோன்றியது. ஆனால் கிண்ணம் வேண்டும். நான் காணாதவன் போலத் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் பாதி முழுக்க "அஸ்மி, ஏறு!" என்று கத்தினேன். ஒவ்வொரு தடவையும் அவன் ஓடினான். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர்களுடைய கோல் வாசலிலேயே பந்தைப் பறித்து ஃபாஹிமுக்குத் தட்டினான். கோல். எல்லோரும் ஃபாஹிமின் மேல் போய் விழுந்தார்கள். அஸ்மி நின்ற இடத்தில் உட்கார்ந்தான், பிறகு சரிந்தான். நான் ஓடிப்போய்த் தூக்கும்போது அவன் கழுத்தெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். சிறுநீரகத்துக்கு என்ன ஆகியிருக்கிறது என்று நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார் டொக்டர். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். வெட்கமாக இருந்தது. நோன்பு திறக்கும் நேரம், மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது அவனுடைய உம்மா ஹஃபீலா லேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்து ஒரு பேரீச்சம்பழத்தை என்னிடம் நீட்டினார்.

"ஆறாவது நோன்பு தம்பி. இண்டைக்கு விட்டா மாசம் முடிஞ்சிரும் எண்டு பிடிச்சான். அதுதான் முறிஞ்சிட்டே. அவனுக்கெண்டு கொண்டாந்த பழம், நீங்க தின்னுங்க. காலையில இருந்து ஓடித் திரியிறீங்க."

"மன்னிச்சிருங்க நானா," என்றான் அஸ்மி. குரல் மெல்ல வந்தது. "தெரிஞ்சா நீங்க விளையாட விட மாட்டீங்க. அதுதான் ஒளிச்சன்."

"ஓம்" என்று ஆமோதித்து ஒரு சொல் சொல்லியிருந்தால் என் மரியாதை தப்பியிருக்கும். அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியும்," என்றேன். "ஹாஃப் டைம்லயே தெரியும்."

அஸ்மி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டான்.

"அப்ப ஏன் நானா, கடைசி வரைக்கும் என்ட பேரச் சொல்லி ஏறு ஏறு எண்டு கத்தினீங்க?"

ஹஃபீலா என்னிடம் நீட்டியிருந்த பேரீச்சம்பழத்தைத் திரும்பவும் லேஞ்சிக்குள் வைத்து முடிந்துகொண்டார்.