புவிவெப்பம் கெட்ட வார்த்தை இல்லை

அமைச்சர் மேடையில் பேசிவிட்டார். “புவி வெப்பமாகுதேன்னு உலகமே தவிக்குது. நம்ம துறையிலயே சிலர் புவிவெப்பத்தை வளர்க்கணும்னு திட்டம் போடறாங்க. நான் இருக்கற வரைக்கும் அது நடக்காது.” கைதட்டல் காதைப் பிளந்ததாம்.

அந்தச் ‘சிலர்’ நான்தான். மாநில எரிசக்தித் துறையில் புவிவெப்பப் பிரிவு என்பது நானும் ஒரு மேசையும் ஓடாத மின்விசிறியும். பூமிக்கு அடியில் கிடக்கிற சூட்டை ஆழ்துளை போட்டு மேலே கொண்டுவந்து மின்சாரம் எடுக்கலாம். கரி எரிக்க வேண்டாம். பூமி சூடாவதைக் குறைக்கிற வேலை இது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை மைக் வைத்துப் போட்டிருந்தார் மனிதர்.

முதல் சோதனைத் துளைக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இன்று போடாவிட்டால் துளையிடும் இயந்திரம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும்.

அமைச்சர் அறை வாசலில் என் இயக்குநர் கிசுகிசுத்தார். “திட்டத்தை வாபஸ் வாங்கிக்கறோம்னு சொல்லிடும்மா. பெரியவங்க பேசிட்டாங்க. அடுத்த வருஷம் வேற பேர்ல கொண்டு வரலாம்.”

“இந்தப் பேருக்கு என்ன சார் குறை? அவருக்குப் புரியலைன்னா நான் ஏன் பேரை மாத்தணும்?”

நான் தொண்டைத் தண்ணீர் வற்ற ஊர் ஊராகப் பேசியதெல்லாம் ஒரு கைதட்டலோடு போவதா?

உள்ளே போனதும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். “ஐயா, நீங்க பேசினது பூமிக்கு வர்ற காய்ச்சல். நான் கேக்கறது பூமியோட அடுப்பு. ரெண்டும் சூடுதான், அதுக்காக ஒண்ணாயிடுமா?”

இயக்குநர் கூரையைப் பார்த்தார். அமைச்சர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது.

“வெளியில நிருபர்ங்க நிக்கறாங்க. நான் தப்பாப் பேசினேன்னு ஆகக் கூடாது. கையெழுத்துப் போடறேன். துளையப் போடுங்க, வாயைத் திறக்காதீங்க.”

“சரிங்கய்யா” என்றார் இயக்குநர், எனக்கும் சேர்த்து. நான் கையெழுத்தைச் சரிபார்த்துக் கோப்பை இடுக்கிக்கொண்டேன்.

வாயைத் திறக்காமல் துளை போட்டால் என்ன ஆகும்? பூமியைச் சூடாக்க வந்துவிட்டார்கள் என்று ஊரே இயந்திரத்தின் முன்னால் வந்து உட்காரும். மேடையில் கேட்டதைத்தானே நம்புவார்கள்.

படியிறங்கியபோது, யாரோ என்று நினைத்து நிருபர்கள் எனக்கு வழிவிட்டார்கள். “வாம்மா, போயிடலாம்” என்று இயக்குநர் அவசரப்பட்டார். நான் நின்றுவிட்டேன்.

“அமைச்சர் தப்பாப் பேசிட்டார். எப்படின்னு சொல்றேன், எழுதிக்கோங்க.”