சுவருக்கு ஏழாம் டோக்கன்

எங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியில் எதையும் கட்டலாம், எதையும் இடிக்கக் கூடாது. ஆகவே மேலச்சாத்தன்குடியில் ஓர் இடைவெளி கட்டித்தரச் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தேன். பன்னிரண்டடி அகலம், வானம் வரை உயரம்.

அந்த ஊரில் காலனிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே முந்நூறு அடி நீளத்துக்கு ஒரு சுவர் நிற்கிறது. காலனி ஜனங்கள் சாலைக்கு வர வேண்டுமானால் கண்மாய்க் கரையோடு மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். யார் கட்டியது என்று விசாரித்தால் சாலைப் பக்கத்துக்காரர்கள் ஒருத்தரும் பிடி கொடுக்கவில்லை. அது பாட்டுக்கு அங்கே நிற்கிறது, யாருக்கு என்ன தொந்தரவு என்றார்கள். உரிமையாளர் பெயர் இல்லாமல் கோப்பு நகராது என்பதால் வட்டாட்சியர் சுவரையே சுவருக்கு உரிமையாளராகப் பதிந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் பிறந்து வளர்ந்ததும் இப்படி ஒரு சுவருக்குக் காலனிப் பக்கம்தான். சட்டமன்றத்தில் மூன்று தடவை எழுந்து கேட்டேன். மூன்று தடவையும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

காலனியிலிருந்து பூங்கனி வந்த அன்றைக்குத்தான் இடைவெளி யோசனை வந்தது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். ஆறு மாத வயிறு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, மொதப் பிள்ளைய கம்மாக்கரையிலதான் பறிகொடுத்தேன். செவத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சு. அதோட லைட்டு மட்டும் மேல தெரிஞ்சுது. இதையும் அங்கேயே குடுக்கச் சொல்றீகளா?"

அன்று சாயங்காலமே கடிதத்தை எழுதி உதவியாளர் ஞானதுரையிடம் கொடுத்து அனுப்பினேன்.

பொறியாளர் தணிகாசலம் கோப்பைத் திருப்பி அனுப்பினார். இடைவெளியை எதனால் கட்டுவது என்று குறிப்பிடவில்லையாம். ஒன்றுமில்லாததால் என்று எழுதினேன். ஒன்றுமில்லாதது எத்தனை கனஅடி வேண்டும் என்று கேட்டார். அளந்து கொடுத்தோம். என் பெயர்ப் பலகையை இடைவெளியில் எங்கே மாட்டுவது என்று கேட்டார். என் பெயரே வேண்டாம் ஐயா, வழியைக் கொடுங்கள் என்றேன். பெயர்ப் பலகை இல்லாத பணிக்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே பாட்டு, பதினைந்து நாளில் தகவல் வரும். இப்படிப் பதினொரு முறை கேட்டிருக்கிறேன். பூங்கனிக்கு ஏழாம் மாதம் முடிந்து எட்டும் பிறந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளையை யாராவது பரிசீலனையில் வைக்க முடியுமா?

ஒருவழியாக டெண்டர் முடிந்து, ஒப்பந்தக்காரர் பால்பாண்டி இடைவெளியைத் தன் செங்கல் சேம்பரில் வைத்துக் கட்டி முடித்தார். போய்ப் பார்த்தேன். கையை உள்ளே விட்டுத் துழாவினேன், எங்கேயும் இடிக்கவில்லை. நல்ல வேலைதான். ஆனால் இருபத்தோரு நாள் தண்ணீர் விட்டால்தான் இறுகும், பச்சையாக எடுத்துவந்து வைத்தால் மூடிக்கொள்ளும் என்றார். வேறு வழியில்லை. விடுங்கள் தண்ணீரை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குள் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து உரிமையாளருக்கு நோட்டீஸ் போய்விட்டது. ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சட்டமன்ற உறுப்பினரிடம் தெரிவிக்கலாம் என்று போட்டு, விவகாரத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். சுவரின் மேலேயே நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை என் அலுவலகத்தில் மனுநாள். காலை பத்தரைக்குச் சுவர் வந்தது. நீளம் அதிகம் என்பதால் உள்ளே வரவில்லை. தெருவோரமாக, தபால் நிலையம் தாண்டியும் நின்றது. ஞானதுரை ஏழாம் டோக்கனைக் கொடுத்தான். அதன் மேல் நோட்டீஸ் அப்படியே ஒட்டியிருந்தது.

மூன்றாம் டோக்கன் நடக்கும்போது பூங்கனியின் புருஷன் சங்கிலி போனில் அழைத்தான். வலி வந்துவிட்டது, கண்மாய்க் கரைப் பக்கம் தூக்கிக்கொண்டு கிளம்பட்டுமா என்று கேட்டான். பால்பாண்டியைக் கூப்பிட்டேன். இன்னும் ஐந்து நாள் தண்ணீர் விட வேண்டும், இப்போது எடுக்க முடியாது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். நாசமாய்ப் போகிற இருபத்தோரு நாள் என்று கத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

ஜன்னலுக்கு வெளியே சுவர் நின்றுகொண்டிருந்தது.

சங்கிலியிடம் வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநரை அழைத்து, நேராகக் காலனி வாசலுக்குப் போகச் சொன்னேன்.

"நேரா எப்படிங்க மேடம், செவரு நிக்குமே?"

"சுவர் இங்கே என் ஆபீஸ்ல நிக்குது. நீங்க போங்க."

சரிங்க மேடம் என்று அவர் வண்டியை எடுத்தார்.

இனி சுவர் திரும்பிப் போய்விடக் கூடாது. நான்காம் டோக்கன் தெருவிளக்குக்காக வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்லுங்கள் சார் என்றேன். மனிதர் இப்படி ஒருத்தர் கேட்கக் காத்திருந்தார் போல, தன் பணி நியமனத்திலிருந்து தொடங்கினார். ஐந்தையும் ஆறையும் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். சுவரின் மனுவில் கையெழுத்து இல்லை என்று ஞானதுரையை அனுப்பிச் சொல்லவைத்தேன். பிறகு படிவம் மாறிவிட்டது என்று சொல்லவைத்தேன். பிறகு மேடம் சாப்பிடுகிறார்கள் என்று. எல்லாம் எனக்கு மற்றவர்கள் சொன்னவைதான், புதிதாக ஒன்றும் நான் கண்டுபிடிக்கவில்லை. சுவர் ஒன்றும் பேசவில்லை. நிற்பதற்கு அதற்குச் சொல்லியா தர வேண்டும்?

ஒன்றே முக்காலுக்கு சங்கிலி மறுபடி அழைத்தான். பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு, தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்றான். உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்தபோது ஆறாம் டோக்கன் கிளம்பிக்கொண்டிருந்தது. அடுத்து ஏழாம் டோக்கனைக் கூப்பிடலாமா என்று ஞானதுரை கேட்டான். பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

இது நடந்து பத்து மாதம் ஆகிறது. பால்பாண்டியின் இடைவெளி நன்றாக இறுகி, லாரியில் வந்து, சுவர் இருந்த இடத்தில் இறக்கப்பட்டது. பணி நிறைவுற்றது என்று தணிகாசலம் சான்று கொடுத்துவிட்டார். காலனிக்கு மினி பஸ் போகிறது. போன வாரம் பூங்கனி குழந்தையோடு அதில்தான் என் அலுவலக வாசலில் வந்திறங்கினாள். இன்னும் அங்கேயே நிற்கிற சுவரோரமாகக் குழந்தையை இறக்கிவிட்டாள். அது சுவரைப் பிடித்துப் பிடித்து நான்கு எட்டு நடந்தது.

மனு கொடுக்க வருகிறவர்களுக்கு இப்போது நல்ல நிழல் இருக்கிறது. நேற்று சுவர் ஞானதுரையைக் கூப்பிட்டு, தன் முறை எப்போது வரும் என்று கேட்டதாம். வந்து என்னிடம் சொன்னான். முகத்தில் சலிப்பே தெரியாதபடி மரியாதையாகப் பதில் சொல்லச் சொன்னேன்.

பதினைந்து நாளில் தகவல் வரும்.