படுத்துக்கொண்டு வந்த குண்டு

அக்காவின் முறிந்த தோள் எலும்பு கோணலாகத்தான் கூடியிருந்தது. ஆயிரம் கஜம் தள்ளி நிற்கும் பலகையைத் துளைக்கிற துப்பாக்கி, சுடுகிறவளையும் உதைக்கும். ஒவ்வொரு முறையும் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

அவளுக்குத் தோட்டா கட்டுவது தம்பி. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் தராசை வைத்து, வெடிமருந்தை நிறுத்து, பித்தளைக் கூட்டில் கொட்டி, மேலே குண்டைப் பொருத்துவான். உதையைக் குறைக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தோட்டாவுக்கு ஒரு சிட்டிகை மருந்தைக் குறைத்தான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "எனக்கே பிச்சை போடறியா?" என்பாள்.

வெயில் காலம் முழுக்கத் தொந்தரவில்லை. குண்டு கொஞ்சம் தாழ்ந்தது. குழல் தேய்ந்துவிட்டதென்று அக்கா குறியை உயர்த்திக்கொண்டாள். "எலும்பு கல்லாயிடுச்சுடா" என்று தோளைத் தட்டிக் காட்டினாள்.

அவன் நினைத்துப் பார்க்காதது குளிரை. சத்தத்தைவிட வேகமாகப் போகும்வரை குண்டு நேராகப் போகும். சத்தத்தின் வேகத்துக்கு இறங்கிவிடும் இடத்தில் தள்ளாடத் தொடங்கும். வெயிலில் அந்த இடம் பலகைக்குச் சற்று அப்பால் இருந்தது. குளிரில் மருந்து சோம்பி எரியும், காற்றும் கனத்துவிடும்; அந்த இடம் பலகைக்கு இப்பாலேயே வந்துவிடும்.

தேர்வுப் போட்டியன்று பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பலகைக்குக் கீழே, மண்மேட்டின் மறைவில், ஆழமான பள்ளம். அதில் நின்று, ஒவ்வொரு குண்டுக்கும் பலகையை இறக்கி, ஓட்டையை ஒட்டி, மறுபடி ஏற்றுகிறவனை எல்லோரும் கொக்கு என்பார்கள். அவ்வளவு நெட்டை. சுடுகிற இடத்திலிருந்த தொலைபேசி அடித்தது. தம்பி எடுத்தான். பள்ளத்திலிருந்து கொக்கு.

"டேய் தோட்டாக்காரா, உங்கக்கா குண்டு இன்னிக்குப் படுத்துக்கிட்டே வருதுடா."

"என்ன?"

"ஓட்டை வட்டமா இல்ல. வெள்ளரி விதை மாதிரி நீளமா இருக்கு. ராத்திரி அதைத் தூங்க விடலையா நீ?"

தம்பி அக்கா பக்கம் திரும்பினான். "பலகையை ஏத்திட்டியா?"

"ஏத்தாம? உன்னை மாதிரி குந்திக்கிட்டா இருக்கேன்?"

"அக்கா, சுடாதே!"

அவள் காதில் அடைப்பான் இருந்தது. விரல் அழுத்தி முடித்துவிட்டது.

குண்டு பலகைக்குப் போய்ச் சேரவில்லை. மேட்டுக்கு முன்னால் கிடந்த கல்லில் பட்டு எகிறி, மேட்டைத் தாண்டிப் பள்ளத்துக்குள் விழுந்தது. மேட்டை ஒட்டி நின்றிருந்தால் கொக்கின் தலைக்கு மேலே போயிருக்கும். தொலைபேசி இருந்ததோ பள்ளத்தின் பின்சுவரில். தம்பியின் காதில், ஆடி ஆடிச் சுவரில் மோதும் கருவியின் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

கொக்கின் அடக்கம் முடிந்த மறுவாரம் விசாரணை. அதிகாரி பலகைத் தாளை மேசைமேல் விரித்தார்.

"கை தவறினா குண்டு இடம் மாறும், படுக்காது. மருந்து குறைஞ்சிருக்கணும். தோட்டா கட்டினது யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா. பக்கத்தில் நின்ற தம்பியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வழக்கு வரும்மா. உள்ளே போகவேண்டியிருக்கும்."

"தெரியும் சார்." கையெழுத்துப் போட்டாள்.

வெளி நடையில் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோரம் தள்ளினாள்.

"எத்தனை நாளா?"

"நீ மறுபடி சுட ஆரம்பிச்சதுலேர்ந்து."

"வலிக்கல வலிக்கலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனேடா, பாவி."

"உனக்காகத்தான்க்கா."

"கொக்கு பொண்டாட்டிகிட்டப் போய் அதைச் சொல்லு. எங்கக்காவுக்கு வலிக்கக் கூடாதுன்னு செஞ்சேன்னு சொல்லு." மூச்சு வாங்கினாள். "வாயைத் திறக்காதே. சுட்டது நான். அம்மாவுக்கு ஒரு பிள்ளையாவது வீட்டுல இருக்கட்டும்."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு உள்ளே போனான்.

"தோட்டா கட்டினது நான் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உங்கக்கா இப்பதானே எழுதிக் கொடுத்துட்டுப் போறாங்க? அக்கா தம்பி பாசமெல்லாம் வீட்டோட வெச்சுக்கோ தம்பி."

"அவளுக்கு அளவே தெரியாது. கேட்டுப் பாருங்க."

அவர் எழுந்து கதவருகே போய் அக்காவைக் கூப்பிட்டார். "ஒரு தோட்டாவுக்கு மருந்து எவ்வளவு போட்டீங்க?"

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குறைத்துச் சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

"நாற்பத்தாறு கிரெயின்" என்றாள். அவன் எப்போதும் அவளிடம் சொல்லிவந்த முழு அளவு அதுதான்.

"அந்த அளவுக்குக் குண்டு படுக்காதும்மா."

"தராசு தப்பா இருந்திருக்கும்" என்றாள் அவசரமாக. "பழைய தராசு சார். நான் சரியாப் பார்க்கல, நான்தான்..."

"நீங்க வெளியில இருங்க."

அவள் நகரவில்லை. அதிகாரி தம்பிக்கு நாற்காலியைக் காட்டினார். அக்காவுக்கும் அறைக்கும் நடுவே கதவை அவரே சாத்தினார். பிறகு மேசைக்கு வந்து, அவள் கையெழுத்துப் போட்ட தாளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார்.