நாற்பத்தோராம் இலக்க வீட்டின் ஸ்கிப்

நகுலேஸ்வரி இரண்டு கிழமைக்கென்று வாடகைக்கு எடுத்த ஸ்கிப் பதினெட்டு மாதங்களாகியும் நிரம்பவில்லை. ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நோர்த்திலிருந்து பிரிகிற ஒரு சிறிய தெருவில், நாற்பத்தோராம் இலக்க வீட்டுக்கு முன்னால் அது நின்றது. வீடு திருத்துகிறவர்கள் உடைத்த சாமான்களைப் போடுவதற்கு எடுக்கும், மேலே திறந்த, மஞ்சள் நிற இரும்புத் தொட்டி. ஒரு பக்கம் நெளிந்திருந்ததைத் தவிர அதில் விசேஷமாக எதுவும் இல்லை.

பின்வளவில் இருந்த பலகைத் தளத்தைக் கழற்றிப் போடத்தான் அதை எடுத்தார்கள். ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்த முதல் கோடையில் அவருடைய கணவர் வாமதேவன் தன் கையால் போட்ட தளம் அது. வாமதேவன் இறந்து ஆறு வருடங்களில் மழையைத் தவிர வேறெதுவும் அதில் உட்காரவில்லை. பலகைகள் உக்கின, அடியில் எலிகள் குடிவந்தன. தெருவில் யாரோ கவுன்சிலுக்கு எழுதிப் போட்டார்கள். கதவைத் தட்டி நேரே சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினேழு வருடங்களில் அந்தக் கதவைத் தட்டியவர்கள் தபால்காரர்களும், ஒருமுறை விலாசம் மாறி வந்த ஒரு பீட்சாக்காரனும்தான். குரோய்டனில் இருந்த மகன் லக்‌ஷன் தொலைபேசியிலேயே முடிவெடுத்தான்: தளத்தை அகற்றுவது, ஸ்கிப் போனதும் வீட்டை விற்பது, அம்மா தன் வீட்டின் மேல்மாடிச் சின்ன அறைக்கு வருவது. அந்த அறையை நகுலேஸ்வரி பார்த்திருந்தார். யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். அவருக்குப் போக விருப்பமில்லை, ஆனால் மகனுக்கு மறுத்துச் சொல்லிப் பழக்கமும் இல்லை.

ஸ்கிப்பைக் கொண்டுவந்து இறக்கிய லொறிக்காரர் தர்சிகன், "நிரம்பினவுடன ஒரு கோல் அடியுங்கோ அன்ரி, வந்து தூக்கிறன்" என்றார். அகதியாக ஜெர்மனியில் இறங்கிய நாளிலிருந்து, படிவத்தோடு வரும் எவருக்கும் உள்ளதற்கு மேலேயோ கீழேயோ ஒரு சொல் சொல்லாதவர் நகுலேஸ்வரி. நிரம்பினால் அடிக்க வேண்டும் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தார். பிறகு ஒரு காலைக்கு ஒரு பலகையாகத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு நெட்டை வெள்ளைக்காரர், பழைய இஸ்திரிக்கைப் பலகை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இதையும் அதற்குள் போடலாமா என்று கேட்டார். அவருடைய பெயர் டெரெக் என்பது அன்றுதான் தெரிந்தது. அடுத்த நாள் எதிர்வீட்டு ருமேனியத் தம்பதி ஓர் அலுமாரியோடு வந்தார்கள். தாதியாக ஷிப்ட் செய்யும் கோசிகா, உடைந்த கட்டிலின் கால்களைக் கொண்டுவந்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்போது, "அன்ரி, நாலு வருசமா இதே தெருவிலதான் இருக்கிறன். நீங்கள் தமிழெண்டே தெரியாது" என்றாள். ஒவ்வொரு காலையும் ஸ்கிப்பின் அடித்தகடு துடைத்ததுபோல் வெறுமையாகக் கிடந்தது.

இரண்டு கிழமை முடிந்து அழைப்பு வராததால் தர்சிகன் தானே வந்து எட்டிப் பார்த்தார்.

"பகிடி விடுறியளோ அன்ரி? ஒண்டுமே போடேல்லையே!"

"அலுமாரி ரெண்டு, சோபா ஒண்டு, பலகை பதினாலு போட்டது தம்பி."

"அப்ப அதுகள் எழும்பி நடந்து போட்டுதுகளோ?"

வெறும் ஸ்கிப்பென்றாலும் எடுத்துக்கொண்டு போவோம் என்று சங்கிலியைக் கொழுவித் தூக்கினார். ஸ்கிப் அசையவில்லை, லொறியின் முன்சில்லுகள்தான் நிலத்தைவிட்டு எழும்பின. பெரிய லொறி வந்து பார்த்தும் அதுவே நடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, பாரம் மட்டும் அப்படியே இருந்தது. முதலாளி வந்து தலையைச் சொறிந்துவிட்டு அதைத் தன் பட்டியலிலிருந்து வெட்டினார். கார் நிறுத்தும் ஓரிடம் போனதே என்று தெருவில் எவரும் கவுன்சிலுக்கு எழுதவில்லை.

ஆனியில் பலகைகள் முடிந்தன. மாரி வருமுன் தெருவில் குப்பையும் முடிந்தது. ஆனாலும் கதவு தட்டப்பட்டது. டெரெக் ஒரு நாள் ஒற்றைக் கரண்டியோடு வந்து நின்றார். ருமேனியப் பெண் இன்னும் கொளுத்தாத மெழுகுவர்த்தியோடு வந்தாள். நகுலேஸ்வரி எதையும் கேட்கவில்லை. அலுமாரியிலிருந்த இரண்டு கோப்பைகள் போதாமல் மேலும் ஆறு வாங்கினார். எல்லோரும் போனபின் அவற்றைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈர மண் மட்டும் மிஞ்சிய பின்வளவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

லக்‌ஷன் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கேட்டான்.

"அம்மா, நிரம்பீட்டுதோ?"

"இல்லையப்பன்."

"சும்மா சொல்லுறியள்."

"வந்து பார்."

தீபாவளிக்கும் அப்பாவின் திவசத்துக்கும் மட்டும் வருகிறவன், ஸ்கிப்பை நிரப்பியே தீருவதென்று ஒரு சனிக்கிழமை வந்தான். தன் பழைய கட்டில், மேசை, பரணிலிருந்த பள்ளிக்கூடப் பெட்டிகள் எல்லாவற்றையும் வியர்க்க வியர்க்கக் கொண்டுவந்து எறிந்தான். அடுத்த சனிக்கிழமை உள்ளே குதித்து அடித்தகட்டைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு வாராவாரம் குரோய்டனிலிருந்து காரில் சாமான் ஏற்றி வந்தான். ஸ்கிப் நிற்கும்வரை வீட்டைப் படம் எடுக்க முடியாது என்று வீடு விற்றுக் கொடுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். சாமானை எறிந்துவிட்டு, உள்ளே வராமலே கோபமாகத் திரும்பிப் போன மாதங்களும் உண்டு.

இந்தக் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, மழை தூறும்போது மணி அடித்தது. வீட்டைத் திறக்கும் திறப்பு சட்டைப்பைக்குள் இருக்க, லக்‌ஷன் வெளியே நின்றான். கையில் ஒரு மெத்தைத் தலையணை. விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இதைப் போடலாமோ?"

நகுலேஸ்வரி விலைச்சீட்டைப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு."

"ஓம். எனக்கு வேண்டாம்."

"அப்ப போட்டிட்டு உள்ள வா. தேத்தண்ணி வைக்கிறன்."

அவன் போட்டுவிட்டு உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, இருட்டும்வரை இருந்தான். நிரம்பிவிட்டதா என்று கேட்கவில்லை. மறுநாள் காலை அடித்தகடு வழமைபோல் வெறுமையாக இருந்தது, மழைத் தண்ணீர்கூட அதில் நிற்கவில்லை.