பெயர் போடாத கேள்வித்தாள்

மூங்கிலில் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுப் பாடை கட்டுகிறவன் நிமிர்ந்தான். “எடுத்துடலாமாக்கா?” என்று கேட்டார் கிரிஜாவின் தம்பி. வேலூரிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியவர்.

“ஸ்டோர்ஸ் ஆளுங்க வரட்டும்.” புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிரிஜா அழுகையை நிறுத்திவிட்டுத் தெளிவாகச் சொன்னாள். “அவங்க தோள் குடுக்காம இவரை யாரும் வாசல் தாண்டி எடுக்கக் கூடாது.”

“மணி மூணாகுது. நாலரைக்கு ராகு காலம்.”

“அதுக்குள்ள வரட்டும்.”

உப்பல் பக்கத்து அந்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் அது எழுதாத சட்டம். ஆளுக்கொரு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குச் செக்‌ஷன்தான் பங்காளி. யார் இறந்தாலும் கூட வேலை பார்த்தவர்கள்தான் முதல் தோள் கொடுப்பார்கள். ஃபாக்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்த்த பெருமாள் அப்படி ஒன்பது பேரைத் தூக்கியவர். நேற்று சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. டியூட்டி என்று சாக்குச் சொல்லவும் யாருக்கும் வழியில்லை. கூட வேலை பார்த்த, மூன்று பிளாக் தள்ளி இருக்கிற தண்டபாணிகூட எட்டிப் பார்க்கவில்லை.

“கல்யாணத்துக்குத்தான் கூப்பிடணும். சாவுக்குக் கேள்விப்பட்டாலே வரணும்,” என்றாள் கிரிஜா மகனிடம். “மூணு வருஷமா பேச்சில்ல. என்ன சண்டைன்னு உங்கப்பா கடைசி வரைக்கும் சொல்லல. நீ போய்க் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாடா.”

மாதவ் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினான். என்ன சண்டை என்று அவனுக்குத் தெரியும்.

2001 கோடை. பல்கலைக்கழகத்து பிசினஸ் ஸ்கூலில் முதல் வருடம் முடிந்ததும் ஆறு வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்தப்பா பெரியப்பா வழியாக வங்கியும் சோப்புக் கம்பெனியும் அகப்பட்டன. மாதவுக்கு அகப்பட்டது அப்பாவின் ஃபாக்டரி. யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. பெருமாள் ஸ்டோர்ஸ் செக்‌ஷன் மொத்தத்தையும் கேன்டீன் மேசையில் உட்கார வைத்துக் கேள்வித்தாளை நீட்டினார். “என் பையன் யுனிவர்சிட்டியில எம்.பி.ஏ. படிக்கிறான். பேர் போட மாட்டான். மனசுல இருக்கறதை தைரியமா எழுதுங்க,” என்றார்.

மொத்தமே ஆறு பேர். பெருமாளை நம்பி வாயைக் கொடுத்தார்கள். எட்டு மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்று ஒருவர் எழுதினார். சாப்பாட்டுக்குப் பிறகு ரேக்குக்குப் பின்னால் தூங்குவேன் என்று இன்னொருவர் எழுதினார்.

மாதவ் சத்தியமாகப் பெயர் போடவில்லை. ஆனால் அவனுடைய கைடு ஜலஜா மேடம் முதல் வரைவைத் திருப்பிக் கொடுத்தார். “வெறும் அபிப்பிராயமா இருக்கே மாதவ், டேட்டா எங்க? வயசு, டெசிக்னேஷன், சர்வீஸ் வாரியா டேபிள் போடு.” போட்டான். சீனியர் கிளார்க், வயது 51, சர்வீஸ் 28 வருடம், உபயோகமான வேலை நேரம் 2 மணி. ஆறு பேர் இருக்கும் இடத்தில் ஐம்பத்தொரு வயது சீனியர் கிளார்க் எத்தனை பேர் இருப்பார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். வைவாவுக்கு வந்த வெளிப் பேராசிரியர் அந்த டேபிளைத்தான் குறிப்பாகப் பாராட்டினார். அமீர்பேட்டில் தங்க எழுத்துப் போட்டு பைண்ட் செய்ததில் ஒரு பிரதி, விதிப்படி, ஃபாக்டரி பர்சனல் ஆபீசுக்குப் போனது.

இரண்டே மாதத்தில் எல்லையாவையும் யாதகிரியையும் லோடிங் யார்டு வெயிலுக்கு மாற்றினார்கள். தண்டபாணிக்கு வர வேண்டிய பிரமோஷன் நின்றது. அன்றைக்குப் பெருமாள் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த புக்கை ஆபீசுக்கும் குடுத்தியா?”

“குடுக்கணும்பா. ரூல்.”

பெருமாள் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் மாதவுக்கு மாதாப்பூரில் வேலை கிடைத்தது.

தண்டபாணி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. எல்லையாவும் யாதகிரியும்கூட அங்கேதான் இருந்தார்கள்; அந்த ஆறு பேரில் மற்றவர்கள் ரிடையராகி ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மூன்று பேரும் சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். டி.வி. அணைந்திருந்தது. போகவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

“வா தம்பி, உக்காரு,” என்றார் தண்டபாணி.

“அம்மா உங்களையெல்லாம் கூட்டிட்டு வரச் சொன்னாங்க அங்கிள்.”

தண்டபாணி முழங்காலைத் தடவிக்கொண்டார். “தப்பா நினைக்காத தம்பி. உன் மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீ படிப்புக்காகக் கேட்ட, பேர் போடாம எழுதின. அதை உங்கப்பாவே சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“அவர்தான் காட்டிக் குடுத்தாராம். யார் யார் என்ன எழுதினாங்கன்னு பர்சனல் மேனேஜர் கேட்டாராம், இவர் எங்க பேரைச் சொல்லிட்டாராம். கேன்டீன்ல எங்க முன்னாடி வந்து நின்னு சொன்னாரு. என் பையன் புக்குல ஒண்ணுமே இல்ல, தப்பு என்னுதுதான்னாரு. இருபத்தெட்டு வருஷம் ஒரே டிபன்ல கை வெச்சுச் சாப்பிட்டவங்க நாங்க. அன்னிக்கு எழுந்து வந்தவங்கதான், அப்புறம் அவரோட பேசல.”

மாதவுக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கக்கேடுதான், ஆனாலும் வந்தது அதுதான். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வீட்டில் மூக்கில் பஞ்சோடு படுத்திருக்கிறார். “சரிங்க அங்கிள்,” என்று எழுந்து வந்துவிட்டான்.

இரண்டு மாடி இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டும்போது மொபைல் அடித்தது. மாமா.

“வர்றாங்களாடா? உங்கம்மா தெருவையே பாத்துட்டு உக்காந்திருக்கா.”

“வர்றாங்க.” வாய் தன்னால் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, அந்தப் பொய்யை மெய்யாக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

மறுபடி மாடியேறினான். உள்ளே போகவில்லை, நிலைப்படியிலேயே நின்றான்.

“அப்பா யார்கிட்டயும் சொல்லல அங்கிள். என் புக்குலதான் இருக்கு. பேர் ஒண்ணுதான் இல்ல. வயசு, சர்வீஸ், வேலை எல்லாம் டேபிளாப் போட்டேன். படிச்சா யார்னு தெரிஞ்சுடும். போடும்போது எனக்குத் தோணல. அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்.”

எல்லையாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். “ஏமண்டுன்னாடு?” என்று மெல்லக் கேட்டார். தண்டபாணி தெலுங்கில் சொல்ல வேண்டியிருந்தது. வயசு, சர்வீஸ், டேபிள் என்று ஒன்றுவிடாமல் நிதானமாகச் சொன்னார். இன்னொருவர் வாயால், இன்னொரு மொழியில், அதை மறுபடி கேட்டுக்கொண்டு மாதவ் நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“போன மாசம் பஸ் ஸ்டாப்புல என் பக்கத்துல வந்து நின்னாரு,” என்றார் தண்டபாணி, சுவரைப் பார்த்து. “பொண்ணு கல்யாணம் நல்லா நடந்துச்சான்னு கேட்டாரு. நான் தள்ளிப் போய் நின்னேன்.”

பிறகு எல்லையா எழுந்தார். “பத, போதாம்,” என்றார், வாங்க போகலாம் என்று.

நிலைப்படியில் மாதவ் ஒதுங்கி வழிவிட்டான். மூன்று பேரும் அவனைத் தாண்டிப் படி இறங்கினார்கள்.

அவர்கள் வாசலில் வந்து நின்றதும் கிரிஜா எழுந்து கை கூப்பினாள். “எனக்குத் தெரியும். என் பிள்ளை வந்து கூப்பிட்டா நீங்க தட்ட மாட்டீங்கன்னு தெரியும்,” என்றாள். யாதகிரி துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தண்டபாணி பெருமாளின் கால்மாட்டில் குனிந்து நின்றவர், மாமா தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். முன்பக்கம் தண்டபாணியும் எல்லையாவும், பின்பக்கம் யாதகிரியும் மாமாவும். மாதவ் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான். புகை கண்ணில் அடித்தது. முதுகுக்குப் பின்னால் தண்டபாணி மூச்சு வாங்குவது கேட்டது. அந்தச் சத்தத்திலிருந்து விலகிப் போகிறவனைப் போல அவன் கால்களை எட்டிப் போட்டான்.

“ஏங்க,” என்று பின்பக்கம் மாமாவுக்குக் குரல் கொடுத்தார் தண்டபாணி. “அந்தப் பையனைக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்க.”

மாதவ் அவருக்கு மூன்றடி முன்னால்தான் போய்க்கொண்டிருந்தான்.

“மாதவ், மெதுவாடா,” என்றார் மாமா பின்னாலிருந்து.

அவன் நடையைத் தளர்த்தினான்.